புது மெஷினுக்குப் பொட்டு

திருவிடந்தை
3-11-2025

சிநேகா,

என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். சரி. நம் வேன் ஓட்டுகிற தேவாவின் போனிலிருந்து கூப்பிட்டேன், அவனையும் பிளாக் பண்ணிவிட்டாய். ஆபீஸ் வேலை பார்க்கிற கீர்த்தனாவின் போனிலிருந்து கூப்பிட்டால் எடுத்தாய், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். வேறு வழியில்லாமல் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். அட்டைப்பெட்டி எடுக்க வேன் செங்கல்பட்டு வரும்போது தேவா இதை உன் அண்ணன் வீட்டில் கொடுப்பான். "யக்கா, நான் இன்னா போஸ்ட்மேனா? நீங்கோ ரெண்டு பேரும் சண்ட போட்டுகினு என்னை ஏன் பேஜாரு பண்றீங்கோ?" என்று இப்போதே முனகுகிறான்.

விஷயம் இதுதான். பூனா கம்பெனியிலிருந்து இருபதாம் தேதி ஆள் வருகிறது. அக்டோபர் சரக்கு ஏன் போய்ச் சேரவில்லை என்று நேரில் பார்த்துவிட்டுத்தான் இனிமேல் ஆர்டர் தருவார்களாம். அவர்கள் போய்விட்டால் நமக்கு வேறு யார் இருக்கிறார்கள்? உள்ளூர் கேபிள்காரர்களுக்கு மட்டும் கனெக்டர் செய்து கொடுத்து இத்தனை பெண்களுக்கு எப்படிச் சம்பளம் போடுவது? கதவை இழுத்து மூடவேண்டியதுதான்.

வருகிற அன்றைக்குக் குவாலிட்டி பார்க்கிற ஆள் இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அது நீதான், புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? அதோடு கம்பெனியின் வரலாறு இரண்டு பக்கம் வேண்டுமாம். எதற்கு என்று எனக்கும் புரியவில்லை. கனெக்டர் வாங்குகிறவனுக்கு நாம் பிறந்த கதை எதற்கு? நானே எழுதிப் பார்த்தேன்: 'நீலக்கரை ஆப்டிக்ஸ் 2015-ல் ரஞ்சிதா அவர்களால் தொடங்கப்பட்டது. ஒளி வழியாகச் செய்தி போகும் கண்ணாடி இழைகளை இணைக்கும் கனெக்டர்களை இங்கே தயாரிக்கிறோம். தரமே எங்கள் உயிர்.' இதற்கு மேல் பேனா நகரவில்லை. மிச்சத்தை நீ எழுதி அனுப்பு.

கோபத்தில் ஆயிரம் பேசுவோம். அதற்காக இத்தனை நாளாகவா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது?

ரஞ்சிதா


செங்கல்பட்டு
5-11-2025

ரஞ்சிதா,

'ரஞ்சிதா அவர்களால் தொடங்கப்பட்டது' என்ற இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். காபி குடித்துவிட்டு வந்து மீதியைப் படித்தேன். 'அவர்களால்' வேறு! உன்னை நீயே மரியாதையாகக் கூப்பிட்டுக்கொள்வதை இப்போதுதான் பார்க்கிறேன்.

வரலாறு என்றால் நடந்தது. நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். மறைமலைநகர்ப் பக்கம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து நாம் இருவரும் கனெக்டருக்கு பாலிஷ் போட்டோம். தலைமுடி மாதிரி இருக்கிற கண்ணாடி இழையை வெள்ளைக் குழாயில் விட்டு ஒட்டி, முனையைத் தேய்த்து, ஒரு கீறல்கூட இல்லாமல் மைக்ரோஸ்கோப்பில் காட்டவேண்டும். கீறல் இருந்தால் ஒளி அங்கேயே தடுமாறும். ஒருநாள் கேட்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுக் கம்பெனியே போய்விட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் "நம்மளே செஞ்சா இன்னாடி?" என்று கேட்டது நீ. எங்கே வைத்துச் செய்வது, யாரிடம் விற்பது, தூசி இல்லாத ரூமுக்கு எங்கே போவது என்று கேட்டது நான். உனக்கு யோசனை வரும், எனக்குக் கேள்வி வரும். கம்பெனி இந்த இரண்டாலும்தான் ஓடியது.

உன் அப்பா சடையன் மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கிற ரூமைக் கொடுத்தார். தடித்த சுவர், ஜன்னல் கிடையாது, தூசி வராது. நாற்றம் மட்டும் போகாது. ப்ளீச்சிங் பவுடர் போட்டு நாம் தேய்த்த தேய்ப்பில் என் உள்ளங்கைத் தோல் உரிந்துபோனது. அதன்பிறகு நீ ஒரு ஜன்னல் ஏசி வாங்கி வந்து கடல் பக்கச் சுவரில் ஓட்டை போட்டாய். வேண்டாம் என்றேன். "வேர்த்து ஊத்துதுடி" என்றாய். உப்புக்காற்று உள்ளே வந்து முதல் மாதத்துச் சரக்கில் பாதி குப்பைக்குப் போனது. இதையும் எழுது, தரமே உயிர் என்பதற்குப் பக்கத்தில்.

இருபதாம் தேதி நான் வரமாட்டேன். இங்கே ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் டிசம்பரில் வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள். திருப்போரூர் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் தினமும் இடிபட்டது போதும்.

கோபத்தில் ஆயிரம் பேசுவோம் என்கிறாய். நீ ஆயிரம் பேசவில்லை. ஒன்றுதான் பேசினாய்.

சிநேகா


திருவிடந்தை
8-11-2025

சிநேகா,

ஏசியை இன்னும் எத்தனை வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவாய்? ஓட்டையை அடைத்தாயிற்று, வேறு ஏசி மாட்டியாயிற்று, அந்தச் சுவரில் இப்போது சரஸ்வதி படமும் மாதா படமும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. உன் வரலாற்றில் நான் செய்த தப்பு மட்டும்தான் வருமா?

வர்தா புயல் அடித்தபோது என்ன நடந்தது என்று எழுதினாயா? முட்டுக்காடு கேபிள்காரர் லக்ஷ்மிநாராயணன், நம்முடைய முதல் பெரிய ஆர்டர் கொடுத்தவர், அவருக்கு அந்த வாரமே சரக்கு வேண்டும். ஊரில் கரண்டு கம்பம் ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. அணுபுரத்தில் என் சித்தி வீட்டில் கரண்டு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, பாலிஷ் மெஷினை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனது யார்? வழியில் மரம் விழுந்து கிடந்த இடத்திலெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தது யார்? சித்தியின் சமையலறையை மூன்று நாள் பிடித்துக்கொண்டு, தாளிக்கக் கூடாது, அப்பளம் பொரிக்கக் கூடாது என்று அவள் வீட்டிலேயே அவளுக்குச் சட்டம் போட்டது மட்டும் நீ. அதற்கு அவள் இன்னும் என்னைத்தான் திட்டுகிறாள்.

சரி, அக்டோபருக்கே வருகிறேன். வருஷா வருஷம் ஆயுத பூஜைப் படையல் ரூமுக்கு வெளியேதான். கத்தரி, இடுக்கி, வேன் சாவி எல்லாம் வெளியே வந்து பொட்டு வைத்துக்கொள்ளும், துடைத்த பிறகுதான் உள்ளே போகும். உள்ளே இருக்கிற மெஷின் எதற்கும் ஒன்றும் கிடையாது. இந்த வருஷம் ஜப்பான் பாலிஷ் மெஷின் வந்திருந்தது. நம் பெண்களில் மூத்தவள், வேண்டா அக்காதான் ஆரம்பித்தாள்: "புதுசா வந்த மெஷினு, அதுக்கு ஒரு பொட்டு கூட வெக்கலன்னா எப்டி ரஞ்சி? நாளிக்கி எவ கையாவது மாட்டிகினா?" வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் என் மூஞ்சியைப் பார்த்தார்கள். உள்ளே போய்ச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். நீ கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாய். உன் வாயில் கொழுக்கட்டையா இருந்தது? குங்குமம் மெஷினுக்குள்ளே விழுந்தால் கண்ணாடி முனை கீறும் என்று என்னைவிட உனக்குத்தானே தெரியும்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனை பேஜாரும் இல்லை.

நான் பேசியது தப்புதான். போனை எடுத்திருந்தால் நூறு தடவை சொல்லியிருப்பேன். இதோ எழுதியே கொடுக்கிறேன். சாரி. போதுமா?

ரஞ்சிதா


செங்கல்பட்டு
10-11-2025

ரஞ்சிதா,

போதாது.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்கிறாய். உட்கார்ந்து யோசித்துப் பார். பூஜை நடக்கிறது, எல்லோரும் குளித்து முழுகிப் புதுப் புடவையில் நிற்கிறார்கள், தட்டில் கற்பூரம் எரிகிறது. அந்த இடத்தில் சிநேகா, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற சிநேகா, "பொட்டு வைக்காதீங்க" என்று சொல்லவேண்டும். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நீ பின்னால் பேசிய அதே வார்த்தையை அன்றைக்கே பேசியிருப்பாய். நீ பேசாவிட்டால் வேண்டா அக்கா பேசியிருப்பாள். பத்து வருஷத்தில் எத்தனை விஷயத்தை நான் தடுத்திருக்கிறேன்! வளையல் போடாதே, பவுடர் பூசாதே, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு உள்ளே வராதே. அதற்கெல்லாம் முணுமுணுப்பார்கள், கேட்பார்கள். இது ஒன்றை மட்டும் நான் சொல்ல முடியாது. நீ சொல்லலாம். நீ சொல்வாய் என்றுதான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீங்கள் வெளியே பொரியும் சுண்டலும் தின்றுகொண்டிருந்தபோது நான் உள்ளே உட்கார்ந்து அந்த மெஷினைத் துடைத்தேன். மேலே இருந்தது வந்தது, இடுக்கில் போனது வரவில்லை. பூனா சரக்கை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் ஒவ்வொரு முனையிலும் கீறல். அத்தனையையும் ரிஜெக்ட் பண்ணினேன். அது என் வேலை. அதற்கு நீ என்ன செய்தாய்? லென்ஸில் கண் வைத்துப் பார்க்கக்கூட இல்லை. எல்லாப் பெண்களும் கேட்கிற மாதிரி நடு ரூமில் நின்று சொன்னாய்: "நாங்கோ சாமி கும்புட்டா உனுக்கு வயிறு எரியுது. அதான் வாயத் தொறக்காம நின்னு வேடிக்க பார்த்த. உங்க ஆளுங்க புத்தியே இதான்."

உங்க ஆளுங்க. நீ எங்கள் சர்ச்சைச் சொன்னாயா, எங்கள் தெருவைச் சொன்னாயா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற அவசியமும் எனக்கு இல்லை. பத்து வருஷம் ஒரே டிபன் பாக்ஸில் கை விட்டுத் தின்றோம் ரஞ்சி. எனக்கு எவ்வளவு வலித்தது என்று உனக்குத் தெரியவே தெரியாது.

எல்லார் முன்னாலும் சொன்ன வார்த்தையை, மடித்த பேப்பரில் ஒளித்து வைத்து வாபஸ் வாங்குகிறாய். அது செல்லாது. எங்கே சொன்னாயோ அங்கே நின்று சொல், அந்தப் பெண்கள் கேட்கட்டும்.

அவர்கள் வயிற்றில் அடிக்க மனம் வரவில்லை. அதனால் வரலாறு எழுதி இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு பக்கம் சரியாக வரும். 'தொடங்கியவர்கள் சிநேகா, ரஞ்சிதா' என்று போட்டிருக்கிறேன். அகர வரிசைப்படி. சண்டைக்கு வராதே.

சிநேகா


திருவிடந்தை
13-11-2025

சிநேகா,

படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், கடைசிப் பத்தியைத் தவிர. 'அக்டோபர் மாதம் பூஜையின்போது புது மெஷினில் குங்குமம் விழுந்ததால் ஒரு லாட் முழுவதும் வீணானது' என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? வெளியூர்க்காரன் படித்துவிட்டுச் சிரிக்க மாட்டானா? கடற்கரையில் இரண்டு பொம்பளைகள் மெஷினுக்குப் பொட்டு வைத்துக் கனெக்டர் செய்கிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்வான். அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். கரண்டு ஏறி இறங்கியதில் மெஷின் கெட்டுப்போனது என்று சொல்லிக்கொள்கிறேன். இந்த ஊர்க் கரண்டைப் பற்றி என்ன சொன்னாலும் நம்புவார்கள்.

எல்லார் முன்னாலும் சொல் என்கிறாய். இன்றைக்கு நான் அவர்கள் முன்னால் தலையைக் குனிந்தால் நாளைக்கு யார் என் பேச்சைக் கேட்பார்கள்? சாப்பாட்டு மணி அடித்துப் பத்து நிமிஷம் கழித்து வருகிறவளை நான் எந்த வாயால் அதட்டுவது? உனக்கும் எனக்கும் நடுவில் நடந்தது, நமக்குள் தீரட்டுமே. உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன், செங்கல்பட்டுக்கு வந்து. இங்கே மட்டும் கேட்காதே. ஏன்டி என் உயிரை வாங்குகிறாய்?

இருபதாம் தேதி காலையில் வேனை அனுப்புகிறேன். ஏறி வா.

ரஞ்சிதா


செங்கல்பட்டு
15-11-2025

ரஞ்சிதா,

அந்தப் பத்தியை அடித்தால் என் பெயரையும் சேர்த்து அடித்துவிடு. கரண்டு மேல் பழி போட்ட கம்பெனியைத் தொடங்கியவள் என்று எனக்குப் பெயர் வேண்டாம்.

காலில் விழுகிறேன் என்கிறாய். யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து விழுவாய். வேனை அனுப்பாதே. பாவம், தேவாவுக்கு வேறு வேலை இருக்கும்.

சிநேகா


திருவிடந்தை
21-11-2025

சிநேகா,

நேற்று வந்தார்கள். வந்தது ஒரே ஒரு பெண், உன்னையும் என்னையும்விடச் சின்னவள். ஹிந்தியும் இங்கிலீஷும்தான் பேசினாள். கீர்த்தனா பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு நேரே புது மெஷினிடம் போனாள். விளக்கு அடித்து அடியில் பார்த்தாள். அக்டோபரில் என்ன ஆனது என்று கேட்டாள்.

கரண்டு என்று ஆரம்பித்தேன். நீ எழுதிய வரலாறு அவள் கையில்தான் இருந்தது, கடைசிப் பத்தி இல்லாமல். பெண்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அத்தனை பேருக்கும் உண்மை தெரியும், நான் பொய் சொல்கிறேன் என்றும் தெரியும். வேண்டா அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வெட்கமாக இருந்தது சிநேகா, அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. கரண்டு இல்லை, குங்குமம் என்று சொல்லிவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. அவர்கள் ஊரிலும் தசராவுக்கு மெஷினுக்கு மாலை போடுவார்களாம். அதை விட்டுவிட்டு வேறு ஒன்றைக் கேட்டாள். உங்கள் குவாலிட்டி ஆள் அப்போது எங்கே இருந்தார், ஏன் தடுக்கவில்லை?

உன் மேல் போட்டிருக்கலாம். ரொம்பச் சுலபம். அந்த ஆள் சரியில்லை, வேலையை விட்டே போய்விட்டார் என்று ஒரு வரி சொன்னால் அவள் எழுதிக்கொண்டு, நேற்றே ஆர்டரில் கையெழுத்துப் போட்டிருப்பாள். அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கீர்த்தனா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று.

எங்க சிநேகா வாசலில்தான் நின்றாள் என்றேன். அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சாமி பிடிக்காதவள் என்று நானே சொல்லியிருப்பேன், அதனால் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை என்றேன். அவள் சரக்கை ரிஜெக்ட் பண்ணினது சரி. அதற்கு நான் இந்த இடத்தில் நின்று, இவர்கள் முன்னால், 'உங்க ஆளுங்க புத்தியே இதான்' என்று திட்டினேன், நான் திட்டியது அநியாயம் என்றேன். அந்த வார்த்தையை இங்கிலீஷில் சொல்ல முடியாமல் கீர்த்தனா தவித்தாள். "யக்கா, இத வேணான்னு வுட்ருலாமா?" என்று என் காதில் கேட்டாள். "வுடாத. நான் இன்னா சொன்னனோ அப்டியே சொல்லு" என்றேன். சொன்னாள்.

அவள் எழுதிவிட்டுப் போனது இது: 'குவாலிட்டி பொறுப்பாளருக்கு உற்பத்தியை நிறுத்தும் அதிகாரம் இல்லை. முப்பது நாளுக்குள் சரி செய்யவும்.' இருநூறு கனெக்டர் சாம்பிள் வேறு கேட்டிருக்கிறாள், செவ்வாய்க்கிழமைக்குள் கூரியரில் போகவேண்டும். அது நன்றாக இருந்தால் ஆர்டர், இல்லாவிட்டால் கும்பிடு. புது மெஷினைக் கழற்றிக் கழுவி வைத்துவிட்டேன், அது இப்போது சுத்தமாகத் தேய்க்கிறது. பாலிஷ் போடுகிற ஃபிலிம் தாள்தான் தீர்ந்துவிட்டது, புதுசு திங்கள்கிழமைதான் வரும். பழைய ஃபிலிமையே தண்ணீரில் அலசி அலசி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எப்படியாவது இருநூறையும் முடித்துவிடுவேன், நீ கவலைப்படாதே.

இதை உன்னை வரவழைப்பதற்காக எழுதவில்லை. டிசம்பரில் அங்கே சேருவதாக இருந்தால் சேர். நீ கேட்ட இடத்தில் நின்று சொல்லிவிட்டேன், அது உனக்குத் தெரியவேண்டும் என்றுதான் எழுதினேன். பெண்கள் இன்று காலையில் எப்போதும்போல வணக்கம் சொன்னார்கள். நான்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ரஞ்சி


செங்கல்பட்டு
22-11-2025, காலை

ரஞ்சிதா,

இது கடிதம் இல்லை. நீலக்கரை ஆப்டிக்ஸின் குவாலிட்டி பொறுப்பாளர் போடுகிற உத்தரவு.

மெஷினை நிறுத்து. இதைப் படிக்கிற நிமிஷமே நிறுத்து. ஓடிய ஃபிலிமை அலசி ஓட்டுகிறாளாம், அதை எனக்கே எழுதியும் அனுப்புகிறாள்! உனக்கு அறிவு இருக்கிறதா? தேய்ந்த ஃபிலிமில் கண்ணாடித் துகள் சிக்கியிருக்கும், அலசினால் போகாது, முனையில் கோடு போடும். இதுவரைக்கும் போட்டது அத்தனையும் ரிஜெக்ட். நான் பார்க்காமலேயே ரிஜெக்ட். புது ஃபிலிம் வந்து நான் மைக்ரோஸ்கோப்பில் உட்காருகிற வரைக்கும் ஒரு முனைகூட பாலிஷ் ஆகக் கூடாது. செவ்வாய்க்கிழமைக்குள் சாம்பிள் போகாது. போகாவிட்டால் போகட்டும். ஏன் போகவில்லை என்று பூனாவுக்கு நான் எழுதுகிறேன், உண்மையை எழுதுகிறேன்.

தேவாவை வாசலிலேயே நிற்க வைத்து இதை எழுதுகிறேன். "யம்மாடி, ஒரு முடிவுக்கு வாங்கோ, எனக்கு இன்னும் நாஸ்தா கூட ஆவல" என்கிறான். நிறுத்தினாயா இல்லையா என்று அவன் கையிலேயே பதில் அனுப்பு. நீ இருபதாம் தேதி ரூமில் சொன்னதைப் பற்றி நான் இப்போது ஒன்றும் எழுதப் போவதில்லை. எழுத ஆரம்பித்தால் அழுவேன், அழுதுகொண்டே உன்னைத் திட்ட எனக்கு வராது.

நிறுத்தியிருந்தால் திங்கள்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன்.

சிநேகா


திருவிடந்தை
22-11-2025, மத்தியானம்

நிறுத்தியாயிற்று. ஏன் நிறுத்தினோம் என்று வேண்டா அக்கா கேட்டாள். சிநேகா நிறுத்தச் சொன்னாள் என்றேன். வேறு ஒருத்தியும் எதுவும் கேட்கவில்லை. இப்போது எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், சகிக்கவில்லை. சீக்கிரம் வந்து தொலை.

ரஞ்சி